மெகாபிக்சலுக்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணும் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய செல்போன்களைப் பற்றி நாளிதழ்களில் வரும் பத்திகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. கேமரா இத்தனை மெகாபிக்சல், பேட்டரி இத்தனை எம்ஏஎச், ராம் இத்தனை ஜிபி, விலை இவ்வளவு. அதை வாங்குகிறவர் அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளுக்கு நாளெல்லாம் செய்யப்போவது அந்தக் கண்ணாடியை விரலால் தொடுவதுதான். தொட்டால் அது எப்படிப் பதில் சொல்கிறது என்று ஒரு வரிகூட யாரும் எழுதுவதில்லை. கடலூரில் செல்போன் பழுது பார்ப்பவர்களும் செயலி வடிவமைப்பவர்களுமாகச் சிலர் சேர்ந்து எழுதும் கடிதம் இது. விரல் தவறும் என்பதை முன்கூட்டியே எண்ணிக் கட்டிய திரையைத்தான் நாங்கள் நல்ல திரை என்போம். பளபளப்பு அதற்குப் பிறகு.

"டச் சரியில்லை" என்று கடைக்கு வரும் போன்களில் திரை கெட்டவையும் உண்டு, திரைக்கு ஒன்றும் ஆகாமல் செயலி மோசமாக இருப்பவையும் உண்டு. இரண்டையும் பிரிக்க ஐந்து நிமிடம் போதும். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், அபவுட் போன் வழியாகப் போய் 'பில்டு நம்பர்' என்ற வரியை ஏழு முறை தட்டினால் 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' திறக்கும். அதில் 'பாயின்ட்டர் லொகேஷன்' என்பதை இயக்கினால் விரல் போகும் வழியெல்லாம் திரையில் கோடு விழும். மூலைக்கு மூலை மெதுவாக ஒரு சாய்கோடு இழுங்கள். பிறகு ஓரங்களை ஒட்டி ஒரு சுற்று. கோடு ஓரிடத்தில் அறுந்தால் அங்கே டச் செத்திருக்கிறது. நெளிநெளியாக வந்தால் மாற்றிப்போட்ட மலிவு டிஸ்ப்ளேவையோ, தடித்த டெம்பர்டு கிளாஸையோ, அதற்கடியில் சிக்கிய காற்றையோ சந்தேகிக்கலாம். விரலே வைக்காமல் புள்ளிகள் துள்ளினால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். மின் இரைச்சலை வடிகட்டாத மட்டமான சார்ஜர் மாட்டியிருக்கும்போது இந்தப் பேய் டச் வரும். கோடு ஒழுங்காக விழுந்தும் செயலி முரண்டு பிடித்தால் கோளாறு செயலியில். டிஸ்ப்ளேவுக்குக் கொடுக்கும் பணம் வீண். (சோதனை முடிந்ததும் டெவலப்பர் ஆப்ஷன்ஸை அணைத்துவிடுங்கள். அது திறந்திருந்தால் சில வங்கிச் செயலிகள் இயங்க மறுக்கும்.)

நம் ஊருக்கென்று ஒரு தனித் தொல்லை உண்டு, உப்பு. இன்றைய திரைகளின் கண்ணாடிக்கு அடியில் இன்டியம் டின் ஆக்சைடு போன்ற மின்கடத்தும் மெல்லிய படலம் கட்டம் கட்டமாக ஓடுகிறது. விரல் நெருங்கும்போது அந்தக் கட்டத்தின் மின்தேக்கம், அதாவது மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கும் திறன், மாறுவதை வைத்தே போன் தொடுகையை அறிகிறது. அழுத்தத்துக்கு அங்கே வேலையில்லை. நீரும் மின்தேக்கத்தை மாற்றும், உப்புநீர் இன்னும் நன்றாகவே மாற்றும். துறைமுகத்திலும் தேவனாம்பட்டினத்திலும் மீன் விற்பவர் ஈரக் கையோடு தொட்டால் ஒரு விரல் இரண்டாகத் தெரிவது இதனால்தான். துணியால் வெறுமனே துடைத்தால் உப்பு படிந்தே நிற்கும், காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு முறை, உலர்ந்த துணியால் ஒரு முறை துடைக்க வேண்டும். பண்ருட்டிப் பக்கம் பலாப்பால் ஒட்டிய விரலுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான், அங்கே தண்ணீர் போதாது, துளி எண்ணெய் வேண்டும், விரலில், போனில் அல்ல. இதையெல்லாம் செயலி எழுதுகிறவர் தடுக்க முடியாது. ஆனால் ஈரக் கையில் தொடுகை தவறும் என்று தெரிந்துகொண்டு, 'பணம் அனுப்பு' பொத்தானுக்குப் பக்கத்திலேயே வேறொன்றை ஒட்டி வைக்காமல் இருக்க முடியும்.

இனி அளவு. ஆண்ட்ராய்டு வழிகாட்டுதல் ஒரு பொத்தானின் தொடுபரப்பு 48-க்கு 48 டிபி இருக்க வேண்டும் என்கிறது. ஒரு டிபி என்பது அங்குலத்தில் 160-ல் ஒரு பங்கு. ஆக 48 டிபி ஏறக்குறைய 7.6 மி.மீ. ஆப்பிள் 44 பாயின்ட் என்கிறது, ஐபோனில் அது சுமார் 7 மி.மீ. வரும். பள்ளிப் பிள்ளையின் அடிக்கோலைத் திரைமேல் வைத்தே அளந்துவிடலாம். கண்ணுக்குத் தெரியும் படம் 24 டிபியாகச் சிறுத்திருந்தாலும் பரவாயில்லை, அதைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாமல் 48 டிபி தொடுபரப்பு விட்டிருந்தால் போதும். படத்தின் அளவுக்கே தொடுபரப்பையும் சுருக்கி, திருத்து, அழி என்ற இரண்டையும் 2 மி.மீ. இடைவெளியில் வைப்பதுதான் தவறு. இலக்கு சிறுத்தாலோ தொலைவானாலோ அதை எட்ட ஆகும் நேரம் கூடும் என்று உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-லேயே சூத்திரம் போட்டுக் கொடுத்துவிட்டார். தொடுதிரையில் கூடுதலாக ஒரு வம்பு: தொடும்போது இலக்கை விரலே மறைத்துக்கொள்கிறது. அதனால்தான் கீபோர்டில் ஓர் எழுத்தை அழுத்தினால் அது பெரிதாகி விரலுக்கு மேலே எழும்பிக் காட்டுகிறது.

கை எட்டும் தூரமும் இதோடு சேர்ந்தது. 2013-ல் கைபேசி வடிவமைப்பாளர் ஸ்டீவன் ஹூபர் பொது இடங்களில் போனை வைத்திருப்பவர்களைக் கவனித்துக் குறித்தபோது, 49 சதவீதம் பேர் ஒற்றைக் கையில் பிடித்துக் கட்டைவிரலால் இயக்கினார்கள். அன்றைய போன் சிறியது. இன்று 6.5 அங்குலத் திரையில் வலது கட்டைவிரலுக்கு இடது மேல் மூலை எட்டாது. மறு கை பேருந்துக் கம்பியில் இருக்கும்போது சொல்லவே வேண்டாம். அடிக்கடி தேவைப்படுவது கீழே, எப்போதாவது தேவைப்படுவதும் ஆபத்தானதும் மேலே, என்பது எளிய கணக்கு. விளிம்புகளில் மட்டும் கவனம் வேண்டும். 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், சைகை முறையை இயக்கியிருந்தால், திரையின் இடது, வலது ஓரத்திலிருந்து உள்நோக்கி இழுத்தால் 'பின்செல்' என்று பொருள். அதே ஓரத்தில் இழுக்கும் பட்டியையோ படவரிசையையோ வைத்த செயலிகள் பாதிப் படிவத்தில் ஆளை வெளியே தள்ளிவிடுகின்றன. நிரப்பியதெல்லாம் போகும்.

எங்கள் கணக்கில் இதற்கெல்லாம் மேலானது பதில் சொல்லும் வேகம். மனிதனும் கணினியும் பேசிக்கொள்ளும் வேகம் பற்றி ஆய்வாளர்கள் ராபர்ட் மில்லர் 1968-லும் யாகோப் நீல்சன் 1993-லும் எழுதிய எல்லைகள் இன்றும் மாறவில்லை. 0.1 நொடிக்குள் பதில் வந்தால் விரலே செய்தது போலிருக்கும். 1 நொடி வரை எண்ண ஓட்டம் அறுபடாது. 10 நொடியைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும். இதில் பலர் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு. 0.1 நொடிக்குள் வேலை முடிய வேண்டியதில்லை. 'நீ தொட்டது தெரிந்தது' என்று திரை காட்டினால் போதும். விரல் பட்டதும் பொத்தானின் நிறம் மாற வேண்டும், விரலை எடுக்கும்போதுதான் செயல் நடக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் அவகாசம் விலைமதிப்பற்றது. தவறான பொத்தானில் விரல் வைத்துவிட்டால், எடுக்காமல் அப்படியே வெளியே நகர்த்தி விட்டுவிடலாம், ஒன்றும் ஆகாது. எந்தச் செயலியிலும் இதைச் செய்து பாருங்கள். நிறம் மாறாத பொத்தானும், விரல் பட்ட கணமே பாய்கிற பொத்தானும் அவசரத்தில் செய்தவை.

நிறம் மாறாவிட்டால் என்ன ஆகும்? மனிதர் இன்னொரு முறை அழுத்துவார். நெட்வொர்க் மெதுவாக இருக்கும்போது 'செலுத்து' என்பதை இரண்டு முறை அழுத்தி, பணம் இரண்டு முறை போவது இப்படித்தான். தடுப்பு இரண்டு இடத்தில் வேண்டும். முதல் அழுத்தலிலேயே பொத்தான் செயலிழந்து 'அனுப்பப்படுகிறது' என்று மாற வேண்டும். சர்வருக்குப் போகும் கோரிக்கையிலும் ஒரு தனி எண் இருந்து, அதே எண்ணோடு மறுபடி வந்தால் ஒன்றாகவே கணக்கிட வேண்டும். முதலாவதை மட்டும் செய்து இரண்டாவதை விட்டவர்கள், போன் அணைந்து மீண்டும் எழும்போது மாட்டிக்கொள்கிறார்கள். சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தை நாங்கள் பதில் என்று ஏற்பதில்லை. பணம் வங்கிக் கணக்கிலிருந்து கழிந்ததா, எதிராளிக்குச் சேர்ந்ததா, இரண்டும் தெரியாத நிலையா என்று மூன்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும். தெரியாத நிலையென்றால் 'மறுபடி அனுப்பாதீர்கள்' என்று எழுதி, யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணையும் காட்ட வேண்டும். தொகையை எண்ணால் மட்டும் காட்டாமல் 'ஐயாயிரம் ரூபாய்' என்று எழுத்தாலும் காட்டினால் ஒரு சுழி கூடியது கண்ணில் படும். இதற்கு ஒரு பைசா செலவில்லை, ஆனாலும் செய்கிறவர்கள் குறைவு.

எண் விசைகளில் இன்னொரு சின்ன முரண். கால்குலேட்டரில் 7, 8, 9 மேல் வரிசை. போனில் 1, 2, 3 மேல் வரிசை. நாளெல்லாம் கால்குலேட்டர் தட்டும் மளிகைக் கடைக்காரர் தொகையைப் போடும்போது 1-க்கும் 7-க்கும் தடுமாறுவது கவனக்குறைவால் அல்ல. விரலுக்குப் பழக்கம் அப்படி. கடைக் கணக்குச் செயலி செய்கிறவர்கள் இதில் ஒன்றைத் தேர்ந்து எல்லாப் பக்கத்திலும் அதையே வைக்க வேண்டும்.

ஸ்க்ரோல், அதாவது பக்கத்தை விரலால் மேலும் கீழும் நகர்த்துவது, பற்றிச் சுருக்கமாக. 60 ஹெர்ட்ஸ் திரை ஒவ்வொரு 16.7 மில்லிநொடிக்கும் ஒரு புதுப் படம் காட்டுகிறது, 120 ஹெர்ட்ஸ் திரை 8.3 மில்லிநொடிக்கு ஒன்று. அந்த அவகாசத்துக்குள் செயலி படத்தைத் தயார் செய்யாவிட்டால் ஒரு கட்டம் விட்டுப்போகும், கண்ணுக்குத் திக்கித் திக்கித் தெரியும். 120 ஹெர்ட்ஸ் போனில் திக்கும் செயலியைவிட 60 ஹெர்ட்ஸில் சீராக ஓடும் செயலி மேல். விளம்பரத்தில் போடும் ஹெர்ட்ஸ் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம்.

ஸ்க்ரோலைவிடக் கொடுமை, படித்துக்கொண்டிருக்கும்போது பக்கம் துள்ளுவது. செய்தியைத் தொடப் போகும் கணத்தில் மேலே ஒரு விளம்பரம் வந்து இறங்கும், செய்தி கீழே நகரும், விரல் விளம்பரத்தில் விழும். செய்திச் செயலிகளில் இது மிகுதி, நாளிதழ்க்காரர்கள் கோபிக்கக் கூடாது. படம் வருவதற்கு முன்பே அதன் உயரத்துக்கு வெற்றிடம் ஒதுக்கிவைத்தால் தீர்ந்தது. ஒதுக்காமல் விடுவது சோம்பலா, அந்தத் தவறான தொடுகையிலும் காசு வருகிறது என்பதா என்று அவரவர் முடிவு செய்துகொள்ளலாம்.

இப்போது தமிழ். செயலி ஆங்கிலத்தில் பிறந்து, கடைசி வாரத்தில் தமிழ் உடுத்திக்கொண்டு வருகிறது. உடை பொருந்துவதில்லை. 'ஓகே' என்பதற்கு அளந்த பொத்தானில் 'சமர்ப்பிக்கவும்' ஏறாது. ஏறாததைச் செயலி மூன்று புள்ளி வைத்து வெட்டும். 'அனுப்பு', 'அனுப்பாதே' என்ற இரண்டு பொத்தானும் 'அனுப்…', 'அனுப்…' என்று அக்கம்பக்கத்தில் நின்றால் எதைத் தொடுவது? உயரத்திலும் இதே சிக்கல். ஆங்கிலத்துக்கு அளந்த வரி உயரத்தில் தமிழின் மேல்சுழியும் கீழ்க்கொம்பும் வெட்டுப்படும். 'மீன்' என்பதன் சுழி வெட்டுப்பட்டால் 'மின்' என்று படிக்கலாம். கடலூரில் இரண்டுக்கும் கட்டணம் உண்டு. எழுத்தின் அளவைப் போல் ஒன்றரை மடங்கு வரி உயரம் விட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஆண்ட்ராய்டு 14 முதல் எழுத்தை 200 சதவீதம் வரை பெரிதாக்கலாம். வயதானவர்கள் பெரிதாக்கித்தான் வைத்திருக்கிறார்கள். ஆகவே பொத்தானுக்கு நிலையான உயரம் வைக்கவே கூடாது, எழுத்து வளர்ந்தால் பொத்தானும் வளர வேண்டும்.

பெயர்க் கட்டங்களில் நடப்பது வேறு. 'திருப்பாதிரிப்புலியூர்' என்பது நம் கண்ணுக்கு 11 எழுத்து. கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளிகளும் தனித்தனியே எண்ணப்படுவதால் 22 குறிகள். சேமிப்பில் யுடிஎஃப்-8 முறையில் 66 பைட். 'அதிகபட்சம் 20' என்று வரம்பு வைத்த படிவத்தில் ஊர்ப் பெயர் 'திருப்பாதிரிப்புலியூ' என்று நின்றுவிடும், கடைசி 'ர்' விழுந்துவிடும். ஊர் பெயரைச் சரியாக அடித்தவரைப் பார்த்து 'பிழை' என்று சிவப்பில் காட்டும். எண்ணுவதாக இருந்தால் எழுத்தை எண்ணுங்கள், குறியை எண்ணாதீர்கள். கைபேசி எண் கேட்கும் கட்டத்தைத் தொட்டால் எண் விசைகள் வர வேண்டும், முழுக் கீபோர்டு வரக் கூடாது என்பது பாலபாடம். அதுவே இன்னும் பல படிவங்களில் இல்லை. லட்சத்தை 100,000 என்று காட்டுவதும் இதே வகைதான், 1,00,000 என்பதுதான் நம் கண்ணுக்குப் பழக்கம்.

சொற்களிலும் வழுக்கல் உண்டு. 'பயணச்சீட்டை ரத்து செய்ய வேண்டுமா?' என்று கேட்டுக் கீழே 'சரி', 'ரத்து' என்று இரண்டு பொத்தான் வைத்திருப்பார்கள். 'ரத்து' என்பது சீட்டை ரத்து செய்வதா, கேள்வியை ரத்து செய்வதா? ஆங்கிலத்திலேயே இருந்த குழப்பத்தை அப்படியே மொழிபெயர்த்து வைத்த வினை இது. 'சீட்டை ரத்து செய்', 'சீட்டு இருக்கட்டும்' என்று எழுதினால் கேள்வியைப் படிக்காதவருக்கும் புரியும். பெரும்பாலோர் கேள்வியைப் படிப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். பத்து முறை 'உறுதியா?' என்று கேட்கப்பட்டவர் பதினோராவது முறை கண்ணை மூடிக்கொண்டு 'சரி' தட்டுவார். அதனால் கேட்டுச் செய்வதைவிட, செய்துவிட்டுத் திரும்பப் பெறும் வழியைக் கொடுப்பது நல்லது: 'நீக்கப்பட்டது. மீட்க இங்கே தொடவும்.' ஆனால் ஆண்ட்ராய்டின் சிறு அறிவிப்பான டோஸ்ட் 2 நொடியோ 3.5 நொடியோதான் நிற்கும். தமிழைக் கூட்டிப் படிப்பவருக்கு அது போதாது. மீட்கும் பட்டி 10 நொடியாவது நிற்கட்டும். நீக்கியவற்றைச் சில நாள் வைத்திருக்கும் குப்பைக்கூடையும் இருக்கட்டும். பணம் அனுப்புவது மட்டும் விலக்கு. அதைத் திரும்பப் பெற முடியாது என்பதால் அங்கே நிறுத்திக் கேட்பது நியாயம். யுபிஐ ரகசிய எண்ணை (PIN) கேட்கும் பக்கம் எல்லாச் செயலியிலும் ஒரே தோற்றத்தில், தொகையை மேலே காட்டி வருவது நல்ல ஏற்பாடு. பணம் பெறுவதற்கு அந்த ரகசிய எண் தேவையில்லை என்பதையும் அதே பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டால் ஏமாறுகிறவர்கள் குறைவார்கள்.

வெயில். வெள்ளைப் பின்னணியில் மெல்லிய சாம்பல் எழுத்து வைப்பது ஒரு மோகமாகிவிட்டது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாட்டு விகிதம் குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும், பெரிய எழுத்தானால் 3-க்கு 1, என்பது உலகளாவிய அணுகல் நெறி. நிறக்குறி 999999 கொண்ட சாம்பல் வெள்ளைமேல் 2.85 தான் தரும். 767676 என்று சற்றே கருக்கினால் 4.54 வந்துவிடும். குளிரூட்டிய அறையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். நடுப்பகலில் பேருந்து நிலையத்தில் முதலாவது காணாமல் போகும். நிறத்தை மட்டும் நம்பி வெற்றி, தோல்வி சொல்வதும் கூடாது. சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவர்கள் இருக்கிறார்கள், வார்த்தையும் வேண்டும். படக்குறிகளுக்கும் அப்படியே, மூன்று கோடு போட்ட படம் 'மெனு' என்று பிறவியிலேயே யாருக்கும் தெரியாது. பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துச் சொல்லும் டாக்பேக்கை இயக்கி விரலால் தடவிப் பார்த்தால், பெயர் வைக்காத பொத்தான்களில் அது 'பட்டன்', 'பட்டன்' என்று மட்டும் சொல்லும். எத்தனை முறை அப்படிச் சொன்னது என்பதே அந்தச் செயலியின் மதிப்பெண்.

அதிர்வு பற்றி ஒரு வரி: விலை குறைந்த போன்களில் உள்ள சுழலும் மோட்டார் தாமதமாகக் கிளம்பித் தாமதமாக நிற்கும், விசைக்கு விசை உறுமும், அணைத்துவிடுவதே சுகம். கை நடுங்குபவர்கள் அணுகல் அமைப்பில் 'டச் அண்ட் ஹோல்டு' நேரத்தை நீட்டிவைத்தால் தேவையில்லாத மெனுக்கள் எழும்பாது.

இம்மாவட்டத்தில் செயலி செய்யக் கொடுக்கும் மருத்துவமனைகள், கல்லூரிகள், கூட்டுறவுச் சங்கங்கள், கடைகள் ஒப்பந்தத்தில் 'பயன்படுத்த எளிதாக இருக்க வேண்டும்' என்று எழுதுகின்றன. அந்த வரியை வைத்து எவரையும் பிடிக்க முடியாது. தொடுபரப்பு 48 டிபிக்குக் குறையாது, 0.1 நொடிக்குள் நிறம் மாறும், தமிழில் 200 சதவீத எழுத்திலும் எந்தச் சொல்லும் வெட்டுப்படாது, ஒளி வேறுபாட்டு விகிதம் 4.5-க்குக் குறையாது, இரட்டை அழுத்தலில் ஒரே பதிவுதான் விழும் என்று எழுதினால், ஒப்படைக்கும் நாளில் அடிக்கோலும் ஒரு மலிவு போனும் வைத்துச் சரிபார்த்துவிடலாம்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த போன் சோதனைக்கு வரும்போது, பத்தி எழுதுபவர் கேமராவைத் திறக்கும் முன் மொழியைத் தமிழாக்கி, எழுத்தை உச்சத்துக்கு ஏற்றி, பகல் பன்னிரண்டு மணிக்கு வெளியே நின்று ஒற்றைக் கையால் செட்டிங்ஸ் முழுவதும் போய்வரட்டும். எத்தனை இடத்தில் சொல் வெட்டுப்பட்டது என்று எண்ணி, அந்த எண்ணை மெகாபிக்சலுக்குப் பக்கத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
செல்போன் பழுதுபார்ப்போர், செயலி வடிவமைப்போர் சிலர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.